வோல்காவின் தரை

கார்த் தரையை ரெண்டு பக்கமும் வெட்டிட்டான் கிழவன். ஒரு பக்கத்தை வெட்டி, புதுத் தகடு வச்சு ஒட்டி முடிச்ச பிறகுதான் அடுத்த பக்கத்துல கை வைக்கணும்னு இவனுக்கு யாரு சொல்றது. கதவுகளையும் கழட்டி வச்சுட்டான். அதனாலதான் என்ன பண்ணி வச்சிருக்கோம்னு இவனுக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சிருந்தா இப்படிப் பல்லைக் காட்டிட்டு நிப்பானா?

பாகிலா பையைக் கீழே வைக்காமல் வாசல் கேட் பக்கத்திலேயே நின்றாள். மகளின் பிரசவத்துக்கு அல்மாட்டி போனவள் இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள். முற்றத்து நடுவில், கராகாச் மரத்தடியில், மாமனாரின் பழைய வோல்கா கார் ரயில் தண்டவாளக் கட்டைகள்மேல் நின்றது. முன்னால் இரண்டு கட்டை, பின்னால் இரண்டு கட்டை. நடுவில் எதுவும் இல்லை. நான்கு கதவுகளும் வேலியில் சாய்ந்திருந்தன. கால் வைக்கிற இடத்தில் தகடு இல்லாததால் வண்டிக்குள் பார்த்தால் புல் தெரிந்தது. புல்லின்மேல் பக்கத்து வீட்டு லூபாவின் பூனை ஒன்று படுத்திருந்தது.

அவள் கணவர் தொக்தார் வண்டியின் அடியிலிருந்து எழுந்து வந்து நின்றிருந்தார். முகமெல்லாம் துரு. அந்தச் சிவப்புக்கு நடுவில் பற்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

"என்ன கிழவி, வாயடைச்சு நிக்கிறே? எப்படி இருக்கு?"

"நல்லா வெளிச்சமா இருக்கு," என்றாள் பாகிலா.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, மீண்டும் சிரிப்பாக வந்து முடிந்தது. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

"பேரன் எப்படி இருக்கான்?"

"மூக்கு உன்னோடது. பாவம்."

"புதன்கிழமை ஆரம்பிச்சேன். நீதானே போன்ல சொன்னே, சார்சென்பி, புதன்கிழமை பார்த்துத் தொடங்குன்னு. அன்னிக்கே ரெண்டு பக்கத்தையும் வெட்டிட்டேன். ஒரு பக்கம் புதன்ல தொடங்கி இன்னொரு பக்கம் வெள்ளியில தொடங்கினா, பாதி வண்டிக்குத்தானே ராசி இருக்கும்?"

அவள் சொன்னது உண்மைதான். எந்த வேலையும் புதன்கிழமை தொடங்கினால் விளங்கும் என்று அவள் அம்மா வீட்டிலும் சொல்வார்கள், அவர் அம்மா வீட்டிலும் சொல்வார்கள். அந்தப் புதன்கிழமையை இந்த மனிதர் இப்படி முழுசாக விழுங்கி வைப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

"டீ போடட்டா?" என்று கேட்டாள்.

"போடு. தொண்டையெல்லாம் இரும்பு."

முற்றத்து ஓரத்துக் கோடை அடுப்படியில் தண்ணீர் கொதிக்கும்வரை அவள் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைப் படகுப் பட்டறையில், அது மூடப்படும்வரை, அவள் வெல்டராக இருந்தவள். படகின் அடித்தகட்டை எடுப்பதற்கு முன் உள்ளே குறுக்குத் தாங்கு கொடுக்காமல் யாரும் கட்டரைத் தொட மாட்டார்கள். தகடு போனால் உடம்பு தளர்ந்துவிடும். இந்த வண்டியும் அப்படித்தான். இதற்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தரையும் பக்கங்களும் கூரையும் சேர்ந்துதான் உடம்பு. முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுத்து, நடுவில் இரண்டு பக்கத் தரையையும் எடுத்துவிட்டால், முதுகெலும்பு இல்லாத ஆள்போலத் தொய்யும். ஒரு விரல் தொய்ந்தால் போதும். கதவு சாத்தாது. கதவு சாத்தாத உடம்பில் தரையை வைத்து ஒட்டிவிட்டால் அந்தக் கோணல் அப்படியே நிரந்தரமாகிவிடும்.

பட்டறையில் இதை எந்த ஆணிடமும் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள். கெட்ட வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பாள். இங்கே டீயை வடிகட்டிக்கொண்டு நிற்கிறாள்.

செம்பு உருக்காலையின் உலைப் பிரிவில் வேலை பார்த்த தொக்தாருக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. போன இலையுதிர் காலத்தில் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சுவரில் தொங்கும் கம்பளத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், எழுந்திரு என்றால் எழுந்து உட்காருவார், கொஞ்ச நேரத்தில் மறுபடி கம்பளம். நுரையீரலுக்கு மருந்து இருக்கிறது, இதற்கு என்னிடம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏரியில் பனி உடைந்து கரைந்த வாரத்தில், யாரும் எதுவும் சொல்லாமலே எழுந்துபோய் வோல்காவின்மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்தார். அன்றைக்கு பாகிலா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இந்தக் கதவுகள் சாத்தவில்லை என்றால் அவர் மறுபடி கம்பளத்துக்குப் போய்விடுவார். இந்த முறை திரும்பி வரமாட்டார். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். அவள் கோப்பையில் பால் ஊற்றி, அதன்மேல் டீயை ஊற்றினாள்.

"பாகா!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லூபாவின் தலை எட்டிப் பார்த்தது. நெடுஞ்சாலையில் புகைபோட்ட மீன் விற்கிறவள். எந்நேரமும் அவள் கைகளில் மீன் செதில் மின்னும். "வந்துட்டியா? உன் புருஷன் என் பூனைங்களைக் கெடுத்து வச்சிருக்கான். நான் வைக்கிற மீனை மோந்துகூடப் பாக்க மாட்டேங்குதுங்க. உன் வண்டித் துருவை நக்கிட்டுக் கிடக்குதுங்க."

"துருவையா?"

"கட்டர் வச்சு அறுக்கும்போது இந்தத் தெருவே மீன்கடை மாதிரி மணந்துச்சு. நான் என் புகைக்கூடுதான் தீப்பிடிச்சிருச்சுன்னு ஓடி வந்தேன்."

தொக்தார் அறுத்துப்போட்ட பழைய தகட்டைக் காலால் தள்ளிக் காட்டினார். அது தகடு என்று சொல்லும்படி இல்லை. வெயிலில் காய்ந்த ரொட்டிபோலப் பொடிந்தது. "அப்பா பண்ணின வேலை. வாழ்நாள் பூரா பின்சீட்டுக்குக் கீழ உப்பு மீன் அண்டாவை வச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாரு. பள்ளத்துல எல்லாம் உப்புத் தண்ணி சிந்திச்சு. மீன் விக்கிறவன் எல்லாம் கழுதையில கொண்டுவந்தான், எங்கப்பா வோல்காவுல."

"கழுதைக்குத் துருப்பிடிக்காது," என்றாள் லூபா.

பாகிலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலியோரம் போனாள். அங்கே, கதவுகளுக்குப் பக்கத்தில், அவர் அடித்து வைத்திருந்த புதுத் தரைத்தகடுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள். கராகாச் கட்டையில் அச்சு செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியால் அடித்து அடித்து, பழையதில் இருந்த வரிமேடுகளை அப்படியே எழுப்பியிருந்தார். ஓரங்களை மடித்த விதத்தில் அவசரம் இல்லை. ஒரு வரிகூடக் கோணவில்லை. இத்தனை நிதானமாக இதை அடித்த கைதான் ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் வெட்டியது என்று நம்ப முடியவில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் சிரிக்கட்டும்.

மறுநாள் மூத்தவர் வந்துவிட்டார்.

தொக்தாரின் அண்ணன் கராகண்டியில் இருக்கிறார். கணவனின் அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து பாகிலா அவரைக் கைநாகா என்றுதான் அழைக்கிறாள், மனதிற்குள் மூத்தவர் என்று நினைக்கிறாள். அந்த வீட்டார் எல்லோருக்கும் அவள் இன்றைக்கும் கெலின்தான். பேரன் பிறந்த பிறகும் புது மருமகள்.

பெரிய குரல் உள்ள மனிதர். காரிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"எங்கடா அந்த எலும்புக்கூடு? அடேய், நீயா அது? நான் வண்டியைக் கேட்டா நீ வந்து நிக்கிறியே."

"வா கோகே," என்று, அண்ணனை எப்போதும் அழைக்கிறபடி அழைத்து, தொக்தார் அவரைக் கட்டிக்கொண்டார்.

பாகிலா ஈரலும் உருளைக்கிழங்கும் வதக்கி, மாவை உருட்டிப் பவுர்சாக் பொரித்து மேசையில் குவித்தாள். டீ ஊற்ற உட்கார்ந்தாள். வந்தவருக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்ற வேண்டும். கிண்ணம் காலியாகிக் காலியாகி அவர் நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். இந்த வீட்டில் பாகிலா யாருக்கும் முழுக் கிண்ணம் ஊற்றியதில்லை.

"சாப்பாடு இருக்கட்டும், வேலையைக் காட்டு," என்று மூத்தவர் எழுந்தார். "ஒரு கதவை மாட்டுடா. அப்பா அந்தக் கதவை எப்படிச் சாத்துவாரு, ஞாபகம் இருக்கா? சாத்தினா ஸ்டேஷன்ல கேக்கும்."

"இப்ப வேண்டாமே," என்றாள் பாகிலா. மெதுவாகச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. அல்லது கெலின் சொன்னதைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

அண்ணனும் தம்பியுமாக ஓட்டுநர் கதவைத் தூக்கிக் கீல்களில் மாட்டினார்கள். தொக்தார் மெல்லத் தள்ளினார். பாதி தூரம் வந்த கதவு மேல் மூலையில் இடித்து நின்றது. மறுபடி தள்ளினார். தூக்கிப் பிடித்துத் தள்ளினார். மூத்தவர் தோள் கொடுத்தார். பழைய பெயிண்ட் சில்லாகத் தெறித்தது. கதவு ஒரு விரல் வெளியே நின்றது, கீழே மட்டும் இரண்டு விரல் நுழையும் சந்து.

காற்று திசை மாறி, உருக்காலையின் கந்தக நெடி முற்றத்துக்குள் வந்தது.

"உடம்பு தொய்ஞ்சு போச்சுடா," என்றார் மூத்தவர். அவர் குரல் அப்போதுதான் சின்னதாக இருந்தது.

தொக்தார் வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார். குனிந்து இரண்டு பக்கத் திறப்பையும் பார்த்தார். கட்டைகளைப் பார்த்தார். எது எப்படி நடந்தது என்று அவருக்குப் புரிந்ததை பாகிலா அவர் முதுகிலேயே பார்த்தாள். ஒரு துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். வீட்டுக்குள் போனார். கட்டில் கிறீச்சிட்டது.

மூத்தவர் கார் சாவியை உருட்டிக்கொண்டு அவளருகில் வந்தார்.

"கெலின், நான் சனிக்கிழமை லாரியோட வர்றேன். வண்டியைக் கொண்டு போயிடறேன். எனக்குத் தெரிஞ்ச பட்டறை இருக்கு. சரி பண்ண முடிஞ்சா பண்ணட்டும், இல்லேன்னா என் கொட்டகையில மரியாதையா நிக்கட்டும். அப்பா வண்டி. ஆனா இது இவன் கண்ணு முன்னால நிக்கக் கூடாது. நுரையீரலை வச்சுக்கிட்டு இந்தத் துருவுக்கு அடியில கிடந்து சாகணுமா? வழி முழுக்க இதையேதான் நினைச்சிட்டு வந்தேன். நீ அவன்கிட்ட பக்குவமா சொல்லு."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பாகிலா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குடும்பத்தில் கெலின் தலை குனிந்தால் சரி என்று அர்த்தம். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் குனிந்த தலைகளை எல்லாம் சேர்த்து அவர்கள் சரி என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். சில நேரம் அவளும்.

அன்று மாலை நூடுல்ஸ் சூப் கொண்டுபோனாள். அவர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோகே கொண்டு போகட்டும்," என்றார்.

"சாப்பிடு."

"ஒரே நாள்ல அப்பா வண்டியைக் கொன்னுட்டேன்."

"சூப்பு ஆறுது."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் தோளைப் பார்த்தாள். நேற்றே சொல்லியிருந்தால் அண்ணன் முன்னால் இந்த அவமானம் இருந்திருக்காது. சொல்லியிருந்தால் நேற்றைய சிரிப்பும் இருந்திருக்காது. எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் எத்தனை தடவை பேசாமல் இருந்தோம், அதில் எதெல்லாம் பிரியம், எதெல்லாம் பயம் என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால் அதற்கே ஒரு வாழ்க்கை வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தது. தொய்ந்த உடம்பை நிமிர்த்த முடியும். பட்டறையில் இதைவிட மோசமான படகுகளை நிமிர்த்தியிருக்கிறார்கள்.

காலையில் பவுர்சாக்குக்கு மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு, கொட்டகையிலிருந்து பழைய தோல் கோட்டையும் வெல்டிங் முகமூடியையும் எடுத்தாள். கோட்டில் எலி ஒரு பாக்கெட்டைத் தின்றிருந்தது. லூபாவிடம் போய் அவள் செத்துப்போன புருஷனின் பஸ் ஜாக்கியைக் கேட்டாள்.

"ஜாக்கி தர்றேன். கூட நானும் வருவேன்," என்றாள் லூபா. "அது என் புருஷன் மாதிரி. தனியா விட்டா வேலை செய்யாது."

வண்டியின் நடுவில், இரண்டு பக்கக் கதவடிச் சட்டங்களுக்கும் குறுக்காக ஒரு கனமான கட்டையைக் கொடுத்து, அதன் அடியில் ஜாக்கியை வைத்தாள். முந்தின நாள் மாட்டிப் பார்த்துக் கழட்டிய கதவை மறுபடி மாட்டுவதற்குள் இரண்டு பெண்களுக்கும் மூச்சு வாங்கியது. இடைவெளியை எப்படி அளப்பது என்று நின்றவள், அடுப்படிக்குப் போய்ப் பிசைந்த மாவில் ஒரு பிடி எடுத்து வந்தாள். சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, கதவுச் சட்டத்தின் ஓரம் நெடுக ஒட்டினாள்.

"ஐயோ, வண்டிக்குப் பவுர்சாக் பொரிக்கப் போறியா?"

"கதவைச் சாத்தித் திறந்தா, எங்க நசுங்குது எங்க நசுங்கலைன்னு மாவு சொல்லும். நீ ஜாக்கியைத் திருகு. மெதுவா. நான் சொன்னா நிறுத்து."

மேல் மூலை உருண்டைகள் காகிதம்போல் நசுங்கியிருந்தன. கீழே இருந்தவை தொடப்படாமல் உருண்டையாகவே இருந்தன. லூபா திருகினாள். தகடு எங்கோ முனகியது. பாகிலா மாவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினாள். மறுபடி சாத்தினாள், மறுபடி திருகச் சொன்னாள். ஒரு ஆளால் கதவோரத்தையும் கட்டையையும் சேர்த்துக் கண்காணிக்க முடியவில்லை. கட்டை ஒரு பக்கம் நழுவியது. வண்டி லேசாக ஆடியது.

"லூபா, நிறுத்து!"

"நிறுத்தினேன். ஆமா, எந்தப் பக்கம் திருகினா இறங்கும்?"

"அதைத் தொடாதே." வீட்டு வாசலில் தொக்தார் நின்றிருந்தார். காலில் செருப்பு இல்லை. பனியன் மட்டும். "கட்டைக்கு ரெண்டு பக்கமும் ஆப்பு வைக்காம ஜாக்கி ஏத்துவாங்களா? பொம்பளைங்க ரெண்டும் சேர்ந்து வண்டிக்கு அடியில போகவா பாக்கறீங்க?"

"ஆப்பு எங்க இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதை வச்சவர் படுத்திருந்தாரு," என்றாள் லூபா.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆப்பு எடுத்து வந்தார். லூபாவைத் தள்ளிவிட்டு ஜாக்கியருகில் குந்தி உட்கார்ந்தார். அதன் பிறகு பாகிலா சொல்லச் சொல்ல அவர் திருகினார். அரைச் சுற்று. கால் சுற்று. நிறுத்து. மாவு. இன்னும் கொஞ்சம். மதியத்துக்கு முன்னால் எல்லா உருண்டைகளும் ஒரே கனத்தில் நசுங்கின. அவள் அவற்றை வரிசையாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"உனக்கு வந்த அன்னிக்கே தெரிஞ்சுது," என்றார்.

"தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சே."

அவர் உள்ளங்கையில் இருந்த மாவை உருட்டி ஒன்றாக்கினார். பூனை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் நாட்கள் வேலையாகப் போயின. நிமிர்ந்த உடம்பு மறுபடி தொய்யாதபடி, ஒவ்வொரு கதவுத் திறப்பிலும் கொஞ்சம் உள்தள்ளிக் குறுக்குக் குழாய் வைத்து ஒட்டினாள் பாகிலா. முதல் பொறி பறந்தது. கை எதையும் மறந்திருக்கவில்லை. அவர் அடித்து வைத்த தகடுகளை இடத்தில் பொருத்தினால், இரண்டு இடத்தில் மட்டும் ஓரம் தேய்க்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தொப்பியைக் கழற்றினார்.

மெல்லிய தகடு அது. ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் அப்பளம்போல நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு, நடுவில் ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பொட்டுக்கும் பின்னால் தொக்தார் ஈரத்துணியை அழுத்திச் சூட்டை இறக்கினார். புகை அவர் பக்கம் வராதபடி அவரைக் காற்று வீசிவரும் பக்கமாக உட்கார வைத்தாள். காற்று மாறினால் வேலையை நிறுத்தினாள்.

"நீ ரொம்ப அதிகாரம் பண்றே."

"பட்டறையில இதைவிட அதிகம் பண்ணுவேன்."

"அங்க எவனும் உன்னைக் கட்டிக்காம போனதுக்கு இதான் காரணம்."

"அங்க ஒருத்தன் கேட்டான். உன் வீட்டுல வோல்கா இருந்துச்சு."

"மீன் நாத்தம் அடிக்கிற வோல்கா."

"அது ஏறி உக்காந்த பிறகுதான் தெரிஞ்சுது."

லூபா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புகைபோட்ட மீனும் வெங்காயமும் நீட்டுவாள். காருக்கு அடியிலேயே, புதுத் தகட்டின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் முதல் தடவையாக இன்னும் ஒரு துண்டு கேட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குறுக்குக் குழாய்களை அறுத்து எடுத்தார்கள். இனி ஜாக்கியை இறக்க வேண்டும். அந்தக் கணத்தைத் தான் ஒருவாரமாக நினைக்காமல் தள்ளிப்போட்டு வந்ததை பாகிலா அப்போதுதான் உணர்ந்தாள். இறக்கினால் உடம்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. முகமூடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு நின்றாள்.

தொக்தார் ஜாக்கியை இறக்கினார். தகடு ஒருமுறை 'டிங்' என்றது. பிறகு சத்தமில்லை. அவர் நாலு கதவுகளையும் மாட்டியிருந்தார். ஓட்டுநர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நீ சாத்து," என்றார்.

"உன் அப்பா வண்டி. நீ சாத்து."

அவர் சாத்தினார். கனமாக, முழுதாக, உள்ளே காற்று அடைபடும் ஒரு சத்தம். கராகாச் மரத்திலிருந்து காக்கைகள் எழுந்தன. பாகிலா மரத்தில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோல் கோட்டுக்குள் முதுகு நனைந்திருந்தது. தொக்தார் திறந்து சாத்தினார். பின்கதவைச் சாத்தினார். எதிர்ப்பக்கம் ஓடினார், உண்மையிலேயே ஓடினார், அங்கே சாத்தினார்.

"ஏய், என் கோழிங்க முட்டை வைக்கிறதை நிறுத்திடும்," என்று லூபா கத்தினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை மூத்தவர் வந்தார். பின்னால் லாரி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. முற்றத்துக்குள் நுழைந்தவர் வாயில் பாதி வார்த்தையோடு நின்றுவிட்டார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார், சாத்தினார். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து புதுத் தரையைக் குதிகாலால் ஓங்கி மிதித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் எதிரே பார்த்தார். இறங்கும்போது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா சத்தம்டா," என்றார். "யாரு வெல்டிங்?"

"உங்க கெலின்," என்றார் தொக்தார்.

மூத்தவர் அவளைப் பார்த்தார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மேசையில் உட்கார்ந்ததும் அவர் குரல் பழையபடி பெரிதாகிவிட்டது. "இப்ப இன்னும் நல்லதாப் போச்சு. பெயிண்டை அங்க வச்சு அடிச்சுக்கலாம். இலையுதிர் காலத்துல என் பொண்ணு கல்யாணம், தாத்தா வண்டியில போய் இறங்கட்டும். அப்புறம் என் கொட்டகையிலேயே நிக்கட்டும். பெரியவன் வீட்டுல அப்பா வண்டி இருக்கறதுதான் முறை. நீயும் ஓய்வு எடுடா. பண்ண வேண்டியதைப் பண்ணிட்டே, போதும். லாரி வந்திருக்கு, காலியாப் போகக் கூடாது."

தொக்தார் பவுர்சாக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்துக்கு நேராக அவர் எதையும் மறுத்ததில்லை. அந்த வீட்டு வளர்ப்பு அது. "கோகே சொன்னா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பவுர்சாக் துகளாகி மேசையில் கிடந்தது. அவர் கண் அறைக்குள், கட்டில் பக்கம் போனதை பாகிலா பார்த்தாள்.

"கெலின், நீயாவது சொல்லு அவனுக்கு," என்றார் மூத்தவர். "அன்னிக்கே நீ சரின்னு தலையாட்டினே."

பாகிலா அவர் கிண்ணத்தை வாங்கினாள். பால் ஊற்றினாள். டீப்பாத்திரத்தைத் தூக்கினாள். விளிம்புவரை ஊற்றிவிடலாம் என்று கைக்கு ஒரு கணம் தோன்றியது. ஊற்றினால் எல்லாம் சொல்லி முடிந்துவிடும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பா சத்தம் என்று கண்ணைத் துடைத்த மனிதர் அவர். கை நின்றது. எப்போதும் ஊற்றுகிற அளவு ஊற்றி, வலது கையால் நீட்டினாள். தலையைக் குனியவில்லை.

"பெயிண்ட் வேலை இங்கதான் நடக்கும், கைநாகா."

"அப்போ கல்யாணம்?"

"கல்யாணத்துக்கு இவரே ஓட்டிட்டு வருவாரு. நானும் வருவேன். முடிஞ்சதும் திரும்பி இங்க வந்துடுவோம்."

மூத்தவர் கிண்ணத்துக்குள் பார்த்தார். பாதிக்கும் குறைவாக இருந்தது. கோபித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. ஒரு மடக்கு குடித்தார்.

"வெளிய லாரி நிக்குதே, கெலின்."

"லாரிக்காரரையும் உள்ள கூப்பிடுங்க," என்றாள் பாகிலா. "டீ நிறைய இருக்கு. சாப்பிட்டுட்டு லாரி காலியாப் போகட்டும்."